கடல்விமானங்களும் உப்புநீரும்

ஓடுபாதை தேவையில்லை, நீர்ப்பரப்பு இருந்தாற் போதும் என்பதே கடல்விமானங்களுக்கு ஆதரவாக எப்போதும் முன்வைக்கப்படும் வாதமாகும். குஜராத்தின் சபர்மதி ஆற்றிலிருந்து கெவாடியாவுக்கு 2020 ஒக்டோபர் 31 ஆம் திகதி ஆரம்பமான சேவை இவ்வாதத்தின் பலவீனத்தைக் காட்டியது. ஒரு மாதம் நிறைவடையுமுன்னரே அவ்விமானம் பராமரிப்புக்காக மாலைதீவுக்குத் திரும்ப நேர்ந்தது. 2021 ஏப்ரலில் சேவையே நின்றுபோனது.

அதே மாலைதீவில் டுவின் ஒட்டர் கடல்விமானங்கள் பல்லாண்டுகளாகப் பறக்கின்றன. எனவே வெப்பவலயம் அவற்றுக்கு ஒவ்வாதது என்று கூறிவிட முடியாது. ஆனால் உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. வெப்பமும் ஈரப்பதனும் அவ்வரிப்பைத் துரிதப்படுத்துகின்றன. நாளாந்தப் பறப்பு முடிந்ததும் விமானத்தின் உடலையும் மிதவைகளையும் மட்டுமன்றி இயந்திரத்தின் உட்பகுதியையும் நன்னீரால் கழுவ வேண்டும். மிதவைகளுக்குள் கசிந்த நீரை இறைக்க வேண்டும். குடிநீருக்கே கடல்நீரைச் சுத்திகரிக்கும் தீவுகளில் இது சிறிய காரியமல்ல. காற்றசைவற்ற வெப்பமான நண்பகலில் மேலெழுவதற்கு நீண்ட ஓட்டம் தேவைப்படுவதால் சுமையையும் குறைக்க நேரிடும்.

நமது களப்புகளையும் குளங்களையும் காட்டி, உல்லாசப் பயணிகளுக்காக இச்சேவையை விரிவுபடுத்துமாறு கோருவோரிடம் நாம் கேட்பது ஒன்றே: பராமரிப்புக் கூடத்தை எங்கே அமைக்கப் போகிறீர்கள்?