விரல் நுனியும் படமும்

பரதநாட்டிய அரங்கேற்றப் படங்கள் பலவற்றை நாம் காண்கிறோம். முகம் எழிலுற விளங்கும். விரல்களோ படத்துக்கு வெளியே போயிருக்கும். பதாக முத்திரையில் மோதிர விரல் ஒன்று மடங்கினாலே அது திரிபதாகமாகிவிடும். விரலை வெட்டுவது ஆடுபவரின் சொல்லை வெட்டுவதாகாதா?

ஆதலின், கை நீளும் திசையில் இடம் விட்டே படமெடுப்போம். மேடையின் இருளைக் கண்டு கமரா ஏமாந்து, ஒளி விழும் முகத்தை வெளிறச் செய்துவிடும். ஆகவே ஒளியை முகத்திலேயே அளவிடுவோம். விரைந்த அசைவுக்கு 1/250 விநாடியேனும் வேண்டும். தீர்மானம் முடிந்து ஆடுபவர் அசையாது நிற்கும் கணமே சாலச் சிறந்தது.

பின்னர் ஓரங்களை வெட்டுங்கால் வெற்றிருளையும் ஒலிவாங்கியையும் நீக்கலாம். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வெட்டலாகாது. பல்லாண்டு பயின்ற பிள்ளைக்கு அம்மாலையின் நினைவாக எஞ்சுவது இப்படமே அன்றோ!