மும்பையில் தமிழ்ப் பிரசங்கம் யாருக்காகத் தயாராகிறது?

"நம் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியவில்லை. அதனால்தான் பிரசங்க நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்." மும்பையின் தமிழ்ச் சபைகளில் பெரியவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் குறையைக் கேட்கலாம். தாராவியில் பிறந்து வளர்ந்து, மொழியியலில் முதுகலை முடித்து, இப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் நானும் நெடுநாள் இதை நம்பினேன். வாலிபர் கூட்டம் ஒன்றில் நானே பேசித் தோற்ற பிறகுதான் என் எண்ணம் மாறியது. பிழை பிள்ளைகளின் தமிழில் இல்லை. நாம் பிரசங்கம் தயாரிக்கும் முறையில் இருக்கிறது என்பது இன்று என் கருத்து.

நடந்ததைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். இறைவன் தம் பிள்ளைகளைச் சிட்சித்து வளர்ப்பதைப் பற்றிய பகுதி அது. மூன்று இரவுகள் உட்கார்ந்து ஆறு பக்கங்கள் எழுதினேன். விளக்கவுரைகளைப் புரட்டினேன், கிரேக்கச் சொல்லைத் தேடினேன், நல்ல தமிழில் எழுதியிருக்கிறோம் என்ற நிறைவும் இருந்தது. 25 நிமிடம் பேசி முடித்துக் கேள்வி உண்டா என்றபோது, கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒருவன் எழுந்தான். "அக்கா, நீங்க சொன்ன சிட்சை, இந்தி ஷிக்ஷாவா, மராத்தி ஷிக்ஷாவா?"

மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மை உடனே விளங்காது. ஷிக்ஷா என்றால் இந்தியில் கல்வி. மராத்தியில் அதே சொல்லுக்குத் தண்டனை என்று பொருள். இரண்டும் வடமொழிச் சொல் ஒன்றிலிருந்தே வந்தவை. நம் சிட்சையும் அதிலிருந்து வந்ததே. மொழியியல் மாணவியான எனக்கோ சிக்ஷை என்றதும் நினைவுக்கு வருவது வேதாங்கங்களுள் ஒன்றான பழைய ஒலியியல் நூல்மரபு. அந்தச் சிறிய கூடத்தில் ஒரே சொல் மூன்று பொருளோடு நின்றுகொண்டிருந்தது. பேசிய நான் மட்டும் அதை ஒரே பொருளுடைய சொல்லாக எண்ணி 25 நிமிடம் பேசியிருந்தேன்.

கிரேக்க மூலத்தில் அங்கே வரும் சொல் பைதேயா. பிள்ளையை வளர்த்துப் பயிற்றுவது அதன் அடிப்படைப் பொருள். கண்டித்துத் திருத்துவதும் அதற்குள் அடங்கும். ஆகவே அந்தப் பையன் கேட்டது தமிழறியாதவனின் கேள்வியன்று. நான் விளக்கவுரைகளில் தேடியெடுத்த சிக்கலை அவன் தெருவில் பேசும் இரண்டு மொழிகளைக் கொண்டே கண்டுபிடித்துவிட்டான்.

அடுத்த கேள்வி இன்னும் கனமானது. பின்வரிசையில் இருந்த இன்னொருவன் எழுந்திராமலே கேட்டான். "அப்ப, எங்கப்பா குடிச்சிட்டு வந்து அடிக்கிறதும் சிட்சையா அக்கா?"

கூடம் அமைதியாகிவிட்டது. என் ஆறு பக்கங்களில் அவனுக்கான பதில் இல்லை. ஆனால் அதே அதிகாரத்தில் இருந்தது. மண்ணுலகத் தகப்பன்மார் தங்களுக்குத் தோன்றியபடி கண்டித்ததையும் கடவுள் நம் நன்மைக்காகக் கண்டிப்பதையும் அதன் 10ஆம் வசனம் வேறுபடுத்துகிறது. நான் அந்த வசனத்தை ஒரே வரியில் கடந்துபோயிருந்தேன். குடித்துவிட்டு அடிப்பது சிட்சை ஆகாது, அது குற்றம் என்று அவனிடம் சொன்னேன். அவன் சம்மதத்தோடு அன்று மாலையே போதகரிடமும் பேசினோம். அவன் கேட்டிராவிட்டால்? கடவுள் என்பவர் தன் தகப்பனைவிடப் பெரிய கைகளோடு அடிக்கிறவர் என்று எண்ணிக்கொண்டே வீடு திரும்பியிருப்பான். அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது என் செய்யுள்நடைத் தமிழாக இருந்திருக்கும். பிரசங்க மொழி என்பது வெறும் நடை பற்றிய விவாதம் அன்று என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதில் மொழியியல் சொல்வதற்குச் சிறிது உண்டு. 1959இல் சார்ல்ஸ் பெர்குசன் இரட்டை வழக்கு பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஒரே சமூகம் உயர்வழக்கு ஒன்றையும் பேச்சுவழக்கு ஒன்றையும் வெவ்வேறு சூழல்களுக்கென்று பிரித்து வைத்திருப்பதை அது விளக்கியது. எந்தச் சூழலுக்கு எந்த வழக்கு என்று அவர் தந்த பட்டியலின் முதல் வரியே தேவாலயத்திலோ மசூதியிலோ நிகழும் பிரசங்கம். அதற்குரியது உயர்வழக்கு. தமிழுக்கும் இது பொருந்தும். ஆனால் உயர்வழக்கு யாருக்கும் தாய்மடியில் வருவதில்லை. பள்ளியில்தான் வருகிறது.

தமிழ்நாட்டில் ஒரு போதகர் பீடத்தில் நின்று பேசும்போது அவருக்குப் பின்னால் ஒரு பெரும்படை நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளித் தமிழ், நாளிதழ், தொலைக்காட்சிச் செய்தி, அரசியல் மேடை ஆகியவை அவருடைய சொற்களை முன்கூட்டியே கேட்போரின் செவியில் இறக்கி வைத்திருக்கின்றன. மும்பையில் அந்தப் படை இல்லை. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. ஆயினும் எங்கள் தலைமுறைப் பெற்றோரில் பெரும்பாலோர் ஆங்கிலவழிப் பள்ளியைத் தேடினார்கள். பிழைப்புக்கு வழி அதுவாக இருந்தது. அவர்களைக் குறைசொல்ல நான் யார்? விளைவு, தாராவியின் பல பிள்ளைகளுக்கு உயர்வழக்குத் தமிழ் காதில் விழும் ஒரே இடம் தேவாலயம்தான். பள்ளி செய்யாத வேலையையும் பீடம் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அதைச் செய்யாமல், பள்ளி செய்திருக்கும் என்ற பாவனையில் பேசிவிட்டுப் பிள்ளைகள்மேல் பழிபோடுவது நியாயமாகாது.

இனி, பெரும்பாலான புராட்டஸ்தாந்து சபைகளின் கையில் இருக்கும் வேதாகமத்தைப் பார்ப்போம். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த திருப்புதல் அது. கிருபை, விசுவாசம், மகிமை, பிதா, ஆத்துமா, உபத்திரவம், நியாயப்பிரமாணம் என வடசொற்கள் நிறைந்தது. 1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்தாந்தினரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் இவற்றுள் பலவற்றை அருள், நம்பிக்கை, மாட்சி, தந்தை என்று மாற்றியது. தமிழ்நாட்டு வாசகருக்கு அது எளிமை. மும்பையில் நிலைமை சற்று விசித்திரமானது. இங்குள்ள வாலிபனுக்கு அருளைவிடக் கிருபை அருகில் இருக்கிறது, ஏனெனில் இந்தியில் கிருபா என்ற சொல்லை அவன் நாள்தோறும் கேட்கிறான். விசுவாசத்துக்கு விஷ்வாஸ் துணைநிற்கிறது. சென்னையில் கடினம் என்று கருதப்படும் சொல் தாராவியில் எளிதாக இருக்கலாம்.

ஆனால் இந்த அருகாமையிலேயே பொறியும் உண்டு. மராத்தியில் அதிஷய் என்றால் 'மிகவும்'. அற்புதம் என்ற பொருள் அதற்கு இல்லை. உபத்ரவ் என்றால் இந்தியில் கலகம், கலவரம். உலகத்தில் உபத்திரவம் உண்டு என்று இயேசு சீடர்களிடம் சொன்னதைப் பிரசங்கிக்கும்போது, கேட்கும் பிள்ளையின் மனத்தில் எழுவது கலவரத்தின் சித்திரம். அதைத் தவறு என்று தள்ளிவிடத் தேவையில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த ஊரில் நடந்தவற்றைக் கண்ணால் கண்ட ஆச்சிகளும் தாத்தாக்களும் அதே கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கிறார்கள். அந்த நாள்களை எப்படிக் கடந்தீர்கள் என்று அவர்களிடம் கேட்டுத் தொடங்கினால் உபத்திரவம் என்ற சொல் அகராதியிலிருந்து இறங்கி வந்துவிடும். மூன்று மொழிகளுக்கு நடுவே வாழும் செவியைக் குறையுள்ள செவியாகக் கருதாமல் கூடுதலாகக் கேட்கும் செவியாகக் கருதினால் பிரசங்கம் தயாரிக்கும் முறையே மாறிவிடும்.

அப்படியானால் பழைய சொற்களைத் தூக்கியெறிந்துவிட்டு முழுவதும் பேச்சுத் தமிழில் பேசலாமே என்பர் சிலர். இது முன்பும் முயன்று பார்க்கப்பட்டதுதான். திருநெல்வேலியில் ஊழியம் செய்த ரேனியஸ் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தத் தொடங்கியபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லார்சன் முன்னின்று செய்த திருத்தத்தையும் சபைகள் மனமுவந்து ஏற்கவில்லை. மக்கள் பிடிவாதக்காரர்கள் என்று இதற்குப் பொருளில்லை. மரணப் படுக்கையிலும் திருமணத்திலும் கேட்ட சொற்கள் அவை. என் ஆச்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் சங்கீதங்களை அந்தப் பழைய நடையிலேயே மனப்பாடமாகச் சொல்வார். அவரிடமிருந்து அந்தச் சொற்களைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை. பேச்சுவழக்கில் விளக்கலாம், விளக்கவும் வேண்டும். வாசிக்கும் பகுதி அவர் அறிந்த நடையில் இருக்கட்டும்.

வாலிபருக்குத் தனியாக ஆங்கில ஆராதனை வைத்துவிடலாம் என்பது அடுத்த யோசனை. பல இடங்களில் அது நடந்தும் வருகிறது. அதனால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விலை என்ன? ஆச்சி ஒரு கூடத்தில், பேரன் இன்னொரு கூடத்தில். மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது ஒருவேளை சிறிய இழப்பு; அவர்கள் வீட்டில் ஆங்கிலமும் புழங்கும். தாராவியில் அப்படியல்ல. தோல் பதனிடும் வேலைக்கும் பிற கூலி வேலைகளுக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை இது. பள்ளியில் ஆங்கிலம் எழுதினாலும் துக்கம் வந்தால் தமிழில் அழுகிறவர்கள். பின்வரிசைப் பையன் தன் தகப்பனைப் பற்றிக் கேட்டது ஆங்கிலத்தில் அல்ல. மறுசீரமைப்பின் பெயரால் நாளை எந்தக் குடும்பம் எங்கே போகும் என்று தெரியாத இந்த நாளில், இரண்டு தலைமுறைகள் ஒன்றாக உட்காரும் ஓரிடத்தை நாமே இரண்டாக வெட்டிக்கொள்ள வேண்டுமா?

நான் முன்வைக்கும் வழி சிறியது. பிரசங்கத்தை அறைக்குள் தனியாக எழுதி முடித்துவிடாதீர்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஐந்தாறு வாலிபரை உட்காரவைத்து, எடுத்துக்கொண்ட பகுதியை உரக்க வாசித்துக் காட்டுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் காது உண்டு. எந்தச் சொல்லில் நின்றீர்கள், அதை என்னவென்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். பத்துச் சொற்கள் வரும். எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை; செய்தி எந்த இரண்டு மூன்று சொற்களின்மேல் நிற்கிறதோ அவற்றை மட்டும் பீடத்தில் திறந்துகாட்டினால் போதும். பிறகு நீங்கள் எழுதிய வாக்கியங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரே மூச்சில் சொல்ல முடியாததை ஒரே செவியில் கேட்கவும் முடியாது. பயனிலை வருவதற்குள் நான்கு எச்சங்கள் தொங்கும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

போதகர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். மருத்துவமனை, அடக்க ஆராதனை, வீட்டுக் கூட்டம், சில இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சபைகள். ஆயினும் என் மூன்று இரவுகள் தராததை அந்த இரண்டு கேள்விகள் தந்தன. இந்த ஒரு மணி நேரம் வேலையைக் கூட்டாது, குறைக்கும்.

ஆண்டவருடைய செய்தியைப் பிள்ளைகளிடம் கேட்டா தயாரிப்பது என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வருந்தினார். அவருக்கு மரியாதையோடு மூன்று காரியங்களை நினைவூட்டினேன். நெகேமியா புத்தகத்தின் 8ஆம் அதிகாரத்தில் சட்டநூலை வாசித்தவர்கள் வாசித்ததோடு நிற்கவில்லை. மக்களுக்குப் பொருள் விளங்கும்படி செய்தார்கள். விளங்காத மொழியில் பதினாயிரம் சொற்களைவிட விளங்கும் ஐந்து சொற்களே மேல் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்ததற்கு முன்னால் அந்த மணல் இருக்கிறது. பிள்ளைகளோடு உட்காருவதால் இறைச்செய்தியின் கனம் குறைந்துவிடும் என்றால் நம் கையில் தமிழ் வேதாகமமே இருந்திருக்காது.

அடுத்த மாதம் மறுபடியும் பேசும்படி எங்கள் வாலிபர் கூட்டத்தார் கேட்டிருக்கிறார்கள். இம்முறை நான் இன்னும் எதையும் எழுதவில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து பேரை வரச் சொல்லியிருக்கிறேன். பின்வரிசைப் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.