புறக்கோட்டையில் அமைதி தேடுபவர்களுக்கு

கொழும்பில் கமரா தூக்கும் எங்கட வயதுக்காரரிடையே ஒரு கதை ஓடுகிறது: நகரத்து இரைச்சலுக்குள் போய் அன்றாட வாழ்க்கையைப் படமெடுத்தால் மனம் அமைதியாகுமாம். சனிக்கிழமை காலையில் புறக்கோட்டைக்குப் போவது, மூட்டை சுமக்கும் நாட்டாமியை சிவப்புப் பள்ளிவாசல் பின்னால் தெரிய எடுப்பது, கறுப்பு வெள்ளையாக்குவது, 'இரைச்சலுக்குள் ஒரு மௌனம்' என்று இன்ஸ்டகிராமில் போடுவது.

நாங்கள் கேட்கிறோம்: அந்த மௌனம் யாருக்கு?

படத்தில் அவர் அசையாமல் நிற்கிறார். தெருவில் அப்படி நின்றால் பின்னால் வரும் லொறி ஹோன் அடிக்கும், அன்றைய கூலியும் குறையும். ஷட்டர் ஒரு செக்கனில் 250இல் ஒரு பங்கு நேரம் திறந்து மூடியதால் வந்த அசைவின்மையை அவருடைய அமைதி என்று சொல்வது பொய்.

தெரு ஒளிப்படக்காரர் வேதவாக்காகச் சொல்லும் 'தீர்மானகரமான கணம்', ஹென்றி கார்ட்டியே-பிரெசோனின் 1952ஆம் ஆண்டுப் புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பு. பிரெஞ்சுத் தலைப்பு வேறு. அதிலுள்ள 'ஆ லா சோவெத்' என்ற தொடரை, அனுமதியில்லாமல் தெருவில் விற்று, பொலிஸ் வந்தால் சாமானைச் சுருட்டிக்கொண்டு ஓடும் வியாபாரத்துக்கும் பிரெஞ்சில் சொல்லுவார்கள். பிரதான வீதி நடைபாதையில் தொப்பி விற்கிற பெடியனுக்கு அந்த அவசரத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஓட்டத்தை அவனுக்கு விட்டுவிட்டு, கணத்தை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

"அப்ப தெருவில படமே எடுக்கக் கூடாதோ?" எடுக்கலாம். முதலே கேட்டால் முகம் விறைத்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் எடுத்த பிறகு காட்டலாமே? வேண்டாம் என்றால் அழிக்கலாமே? வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் நடத்தும் போராட்டத்துக்குப் போனால், யாரென்று தெரியாத ஒருவர் எங்களைப் படமெடுப்பார். எங்களுக்குக் கோபம் வரும். இரண்டும் ஒன்றல்ல என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் எடுக்கப்படுவது எப்படியிருக்கும் என்று தெரிந்த நாங்கள், புறக்கோட்டையில் மட்டும் அதை மறக்கலாமா?

அமைதி வேண்டுமென்றால் கமராவை ஒரு மணித்தியாலம் பைக்குள் வையுங்கள். தேத்தண்ணிக் கடையில் இருங்கள். எந்த வண்டி எந்தக் குறுக்குத் தெருவுக்குப் போகிறது, வெயில் எப்போது சுவரில் ஏறுகிறது, யார் எங்கே சுமையை இறக்கி மூச்சு விடுகிறார் என்று பாருங்கள். அப்போது அசையாமல் இருப்பது நீங்கள்தான். அந்த அமைதி யாரிடமிருந்தும் பறித்ததல்ல.

அடுத்த முறை போகும்போது, போன முறை எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் குடுங்கள். அவர் அதைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். பிறகு தலைப்பு வையுங்கள்.