சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர்கள்



மகளைக் கல்லூரியிற் சேர்க்கும் வேளையில் நம்மவர் முதலில் வினவுவது, "பெண்கள் கல்லூரிதானே?" என்பது. அடுத்து வினவுவது கட்டணம். கன்னியர் நடத்தும் கல்லூரியெனின் இரண்டிற்கும் மனம் அமைதியுறும். அத்தகைய கல்லூரியொன்று தோன்றி மறைந்த கதையை இத்திங்கள் கூற விழைகின்றேன். அஃது அமெரிக்க நாட்டுச் சிகாகோவில் இருந்த மண்டலைன் கல்லூரி.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. செல்வர்களே கலங்கி நின்ற அடுத்த மாதம், மிச்சிகன் ஏரிக்கரையில் கத்தோலிக்கச் சகோதரியர் சபையொன்று கல்லூரிக்கு நிலம் அகழத் தொடங்கிற்று. துணிவென்பதா, பேதைமையென்பதா? 1930-இல் ஏறக்குறைய 200 அடி உயர மாடம் எழுந்து, கல்லூரி திறக்கப்பெற்றது. வாயிலின் இருமருங்கும் தேவதூதரின் பெருஞ்சிலைகள். வகுப்பறையும் சகோதரியர் உறையுளும் அவ்வொரு மாடத்திலேயே அடுக்கடுக்காய் அமைந்தன. மாணவியருட் பலர் வீட்டிலிருந்தே நாள்தோறும் வந்து சென்றவர்.

யான் ரயில்வேயில் சம்பளப் பட்டியல் எழுதுபவன். ஆதலின் என் கண் கணக்கின்மேற் சென்றது. இத்தகைய கல்லூரிகட்குப் பெருஞ்செல்வர் வைத்த மூலதனம் மிகக் குறைவு. பட்டம் பெற்ற சகோதரியர் ஊருக்குரிய ஊதியம் பெறாது கற்பித்தனர், அவ்வுழைப்பே மூலதனம். எப்பட்டியலிலும் ஏறாத அத்தொகையே கட்டணத்தைக் குறைத்து வைத்தது. நம் இல்லங்களிலும் அவ்வாறு ஏறாத உழைப்பு உண்டு. அதனை இங்கு விரிக்கின் என் மனையாள் அடுத்த இதழில் மறுப்பு எழுதுவாள்.

1965-இல் அந்நாட்டில் ஏறக்குறைய 1,80,000 கன்னியர் இருந்தனர். 1990 அளவில் ஒரு லட்சம் பேரே எஞ்சினர். பலர் மடம் நீங்கினர். புதியவர் வருகை அருகிற்று. அவர்தம் இடத்திற்கு வெளியாசிரியரை அமர்த்தின், முழு ஊதியம் வழங்கவேண்டும். அதே காலத்தில் ஆடவர் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவு திறந்தன. யேல், பிரின்ஸ்டன் இரண்டும் 1969-இல் திறந்தன. மண்டலைனுக்கு அடுத்த மதிலிலிருந்த ஏசு சபையாரின் லயோலா பல்கலைக் கழகமும் அங்ஙனமே செய்தது. கதவு திறந்தது நன்றே. எந்தத் தந்தை வேண்டாமென்பான்? ஆயினும் அக்கதவு வழியே சென்றவர், இக்கல்லூரிக்கு வந்திருக்கவேண்டிய பெண்கள்.

சகோதரியர் வாளாவிருந்திலர். 1974-இல் வேலைக்குச் செல்வோர்க்கென வார இறுதிக் கல்லூரி தொடங்கினர். வாரமெல்லாம் உழைத்த பெண்கள் சனி, ஞாயிறுகளில் ஏடு திறந்தனர். இருப்பினும் செலவு வரவை விஞ்சிற்று. 1991-இல் மண்டலைன், லயோலாவுடன் இணைந்து தன் தனிப்பெயரை இழந்தது.

கட்டடம் இடிபடவில்லை. லயோலாவின் கலைத்துறை அங்கு இயங்குகின்றது. கல்லூரியின் பழைய ஏடுகளையும் அப்பல்கலைக் கழகமே காத்து வருகின்றது. சிகாகோவில் மக்களுடைய அன்பர்கள் அங்குச் செல்ல நேரின், ஷெரிடன் சாலையில் அத்தேவதூதர் இருவரையும் கண்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுக.