கழிப்பனவும் காப்பனவும்

சென்னையின் வடபகுதியில், பேசின் பாலத்திற்கு அண்மையில், மூலக்கொத்தளம் என்னும் இடம் உள்ளது. கொத்தளம் என்பது காவலர் நின்று போர் செய்தற்கென மதிலோடு சேர்த்துக் கட்டப்படும் மேடையாகும். 1758-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படையினர் சென்னையை முற்றுகையிட்டனர். மறு ஆண்டு பிப்ரவரியில் அம்முற்றுகை நீங்கியது. அத்தகைய இடர் மீண்டும் நேராதிருத்தற்பொருட்டு, ஆங்கிலேயர் நகரின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எடுப்பித்தனர். அம்மதிலின் பெரும்பகுதி இன்று இல்லை. இராயபுரத்தை அடுத்த மாடிப்பூங்காவில் அதன் சிறு பகுதி ஒன்று எஞ்சியுள்ளது. வால்டாக்ஸ் சாலை, மூலக்கொத்தளம் என்னும் பெயர்களும் எஞ்சியுள்ளன.

மதில் எடுக்கும் கொத்தர் முதற்கண் சாரம் கட்டுவர். மூங்கிலும் கயிறும் பலகையும் கொண்டு அமைந்த அச்சாரத்தின்மீது நின்றே சுவரை உயர்த்துவர். சுவர் முற்றுப்பெற்றதும் சாரத்தைப் பிரித்துவிடுவர். பிரிக்காது விட்டால் வழி அடைபடும். பூச்சு வேலை முடியுமுன் பிரித்தால் வேலை கெடும். கணிப்பொறியும் தன் பணிகளைச் செய்யும்போது இத்தகைய சாரங்களைத் தனக்குள்ளே கட்டிக்கொள்கின்றது. அவையே தற்காலிகக் கோப்புகள் எனப்படுவன.

மாணவன் ஒருவன் கணிப்பொறியில் கட்டுரை எழுதுகின்றான் என்று வைத்துக்கொள்க. அவன் கோப்பைத் திறந்த அக்கணமே, மென்பொருள் அதன் அருகில் மற்றொரு சிறு கோப்பை மறைவாக ஆக்கிவைக்கின்றது. 'இஃது ஒருவர் கையில் இருக்கின்றது; மற்றொருவர் திருத்தற்க' என்று அறிவிப்பது அதன் வேலை. சில நிமிடங்களுக்கு ஒரு முறை, எழுதியவற்றின் படி ஒன்றும் வேறோர் இடத்தில் சேமிக்கப்படுகின்றது. மின்சாரம் திடீரென நின்றுவிட்டால், மீண்டும் பொறியை இயக்கும்போது, இழந்த பத்திகளை மீட்டுத் தருவது அப்படியேயாகும். கட்டுரையை முறையாகச் சேமித்து மூடியதும் இவை தாமாகவே நீங்கும். ஆயின், மென்பொருள் நடுவே முறிந்து நின்றுவிடுமாயின், நீக்குவார் இன்றி அவை அங்கேயே கிடந்துவிடும். புதிய மென்பொருளை நிறுவும்போது விரிக்கப்பட்ட பொதிகளின் எச்சங்களும் இவ்வாறே தங்குவதுண்டு. இணைய உலாவியோ, ஒரு முறை கண்ட பக்கத்தின் படங்களை மறுமுறை இறக்காமலே காட்டும்பொருட்டு, அவற்றைத் தன் உறையில் சேர்த்துவைக்கின்றது.

தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதுவரை கணிப்பொறியைக் கண்டிராத வீடுகள் பலவற்றில், அதன் பயனாகவே அது முதன்முதல் புகுந்தது. மூலக்கொத்தளம், இராயபுரம், தண்டையார்பேட்டை முதலிய பகுதிகளில் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. அத்தகைய ஒரு வீட்டில் ஒரே கணிப்பொறி இருக்குமாயின், அஃது ஒருவர்க்கு மட்டும் உரியதாய் இருப்பதில்லை. அண்ணன் வேலைக்கு விண்ணப்பிப்பதும், தங்கை பாடம் பயில்வதும், தந்தையார் சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இறக்கிவைப்பதும் அதிலேயே. ஆதலின் சேமிப்பிடம் விரைவில் நிறைகின்றது. இடம் இல்லை என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றுகின்றது. 'கண்டதையெல்லாம் அழித்துவிடு; கணிப்பொறி பறக்கும்' என்று அறிவுரை கூற அண்டை வீட்டார் ஒருவர் அப்பொழுது தவறாமல் வந்துசேர்வார்.

அவ்வறிவுரையைக் கேட்ட அளவில் கொள்ளலாகாது. எச்சக் கோப்புகளை நீக்குதல் வேண்டற்பாலதே. சேமிப்பிடம் முற்றும் நிறைந்தால் பாதுகாப்புக்குரிய புதுப்பிப்புகள் நிறுவப்படா. எழுதியதைச் சேமிக்கவும் இயலாது போகும். ஆயினும், அவற்றை நீக்கியதனால் பழைய பொறி புதிய பொறி ஆகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. போதிய இடம் இருக்கும் பொறியில் அவற்றை நீக்குவதால் விரைவு கூடுவதில்லை. உலாவி சேர்த்துவைத்ததை நாள்தோறும் துடைப்பவர்க்கு மறுநாள் பக்கங்கள் மெதுவாகவே திறக்கும். காசு கொடுத்து வாங்கிய இணையத் தரவும் வீணே செலவாகும். அத்துடன் கடவுச்சொற்களையும் சேர்த்து அழித்துவிட்டு, தம் கணக்கினுள் தாமே நுழைய மாட்டாமல் திகைப்பாரும் உளர். வாசலைப் பெருக்குவது போலக் கணிப்பொறியையும் நாள்தோறும் பெருக்க வேண்டும் என்னும் எண்ணம் எங்கிருந்தோ பரவிவிட்டது. திங்களுக்கு ஒரு முறை பார்த்தலே மிகுதி.

பெருந்தீங்கு வருவது, தற்காலிகமானது எது என்று அறியாமல் அழிப்பதனாலேயாகும். இறக்கப்பட்ட கோப்புகள் வந்து சேரும் 'டவுன்லோட்ஸ்' என்னும் உறையைப் பலர் குப்பைக்கூடையாகக் கருதுகின்றனர். வேறு பலர், பெட்டகமாகக் கருதிச் சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் அங்கேயே விட்டுவைக்கின்றனர். ஒரே வீட்டில் இவ்விரு வகையினரும் இருந்துவிட்டால் இழப்பு உறுதி. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றில், வட்டினைத் துப்புரவு செய்யும் கருவியின் பட்டியலில் அவ்வுறையும் சேர்க்கப்பட்டது. அதன் கட்டம் முன்னரே குறியிடப்பட்டிருக்கவில்லை. எனினும், பட்டியலைப் படித்துப் பாராமல் எல்லாக் கட்டங்களிலும் குறியிடும் பழக்கம் உடையோர் தம் கோப்புகளை இழந்தனர். பிற்காலப் பதிப்பில் அப்பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது.

பொறியை ஆக்கியோரும் இவ்வகையில் தவறியது உண்டு. மேற்கூறிய பதிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018 அக்டோபர் 2-ஆம் நாள் வெளியிட்டது. ஆவணங்களுக்குரிய உறையை வேறு வட்டிற்கு மாற்றியவர்களின் பொறியில், பழைய இடத்தில் வெற்றுறை ஒன்று தேவையின்றித் தங்கியிருந்தது. அவ்வெற்றுறையை நீக்குதல் நலம் எனக் கருதி நிரல் எழுதினர். சிலருடைய பழைய உறையோ வெற்றுறையாக இல்லை. அதனுள் கோப்புகள் இருந்தன. நிரல் உறையோடு கோப்புகளையும் நீக்கிவிட்டது. சில நாள்களிலேயே அந்நிறுவனம் வெளியீட்டை நிறுத்தி, பிழை திருத்தி, நவம்பர் மாதத்தில் மீண்டும் வெளியிட்டது. இழப்பு நேர்ந்ததாக அறிவித்தோர் பதினாயிரத்தில் ஒருவர் என்ற அளவினரே என்று கூறப்பட்டது. அவ்வொருவர்க்கு அக்கணக்கு என்ன ஆறுதலைத் தரும்?

துப்புரவு செய்வதாகக் கூறும் பிறர் மென்பொருள்களை நம்புவதும் தக்கதன்று. சிகிளீனர் என்பது உலகெங்கும் பெயர் பெற்ற துப்புரவு மென்பொருள். 2017 ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளியான அதன் பதிப்பு ஒன்றினுள், அதனை ஆக்கியோரே அறியாதவாறு, தீயோர் தம் நிரலைப் புகுத்திவிட்டனர். செப்டம்பரில் உண்மை வெளிப்படுவதற்குள் ஏறத்தாழ 22 இலட்சத்து 70 ஆயிரம் பொறிகளில் அது நிறுவப்பட்டிருந்தது. வீட்டைத் துப்புரவு செய்ய வந்தவன் கையிலேயே கள்ளன் தன் சாவியைக் கொடுத்தனுப்பிய கதை இது. பெயர் பெற்றதன் நிலையே இவ்வாறாயின், விளம்பரத்தில் தோன்றி மறையும் பெயரறியாக் கருவிகளைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. இயங்குதளமே தரும் கருவி வீட்டுக் கணிப்பொறிக்குப் போதுமானது.

கழிப்பதற்கும் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டில் தமிழர் முன்னரும் ஒரு முறை இடறியுள்ளனர். பனையோலை நெடுங்காலம் நில்லாது, செல்லரிக்கும், ஒடியும். ஆதலின் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படி எடுத்து, அதன் பின்னரே பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுதல் வழக்கமாயிற்று. காலப்போக்கில் படி எடுத்தல் நின்றது; ஆற்றில் விடுதல் மட்டும் நிற்கவில்லை. உ. வே. சாமிநாதையர் (1855–1942) கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிச் சென்றபொழுது, கோயிலில் இருந்த பழுதுபட்ட சுவடிகள் நெய்யில் தோய்த்துத் தீயில் இடப்பட்டன என்னும் செய்தியைக் கேட்டு நெஞ்சம் நொந்தார். அவ்வாறு செய்தோர் தீய எண்ணம் உடையோர் அல்லர். விதிப்படி துப்புரவு செய்ததாகவே எண்ணினர். தீயில் சென்ற நூல்கள் யாவை என்று இன்று எவராலும் கூற இயலாது.

கணிப்பொறியிலும் படி உண்டா என்று பார்த்த பின்னரே கழித்தல் வேண்டும். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை வகுத்தோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தற்காலிகக் கோப்புகளுக்கே அதில் இரண்டு இடங்கள் உள. ஒன்றில் இருப்பவை பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் நிலைக்கும் என்று எவரும் நம்புதல் கூடாது. மற்றொன்றில் இருப்பவை அவ்வாறு இயக்கிய பின்னும் இருத்தல் வேண்டும். குப்பையிலும் தரம் பிரித்தவர் அவர்.

அழிந்ததை மீட்டுவிடலாம் என்னும் துணிவும் இக்காலத்தில் பயன் தராது. பழைய வகைச் சுழல்வட்டில் ஒரு கோப்பை அழித்தல், நூலின் பொருளடக்கத்தில் ஒரு தலைப்பை அடிப்பது போன்றது. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரையில் பக்கங்கள் உள்ளே இருக்கும்; வல்லார் மீட்பர். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பகத்திலோ, அழித்த இடத்தைப் பொறி தானே விரைவில் வெறுமையாக்கிவிடுவதால், மீட்டல் பெரும்பாலும் இயலாது.

மூலக்கொத்தளத்து வீட்டில், இடம் இல்லை என்னும் அறிவிப்பைக் கண்ட மாணவன் உடனே அழிக்கத் தொடங்கற்க. முதலில், 'டவுன்லோட்ஸ்' உறையைத் திறந்து, வீட்டார் அனைவரையும் அருகில் அழைத்து, எது எவருடையது என்று கேட்டல் வேண்டும். சான்றிதழ் அழிந்தால் இணையவழியே மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். துறைமுகத்தில் உழைத்து மறைந்த பாட்டனாரின் புகைப்படம் அழிந்தால் எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது? வேண்டியவற்றையெல்லாம் தனி உறையில் சேர்த்து, பென்டிரைவ் ஒன்றில் படி எடுத்து, அப்படி திறக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். பின்னர்த் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்து மூடி, பொறியை ஒரு முறை நிறுத்தி இயக்குக.

அதன் பின், அமைப்புகள் பகுதியில் சேமிப்பிடம் பற்றிய பக்கத்தைத் திறந்தால், தற்காலிகக் கோப்புகளின் பட்டியல் தோன்றும். அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் படித்தே குறியிடுக. இறக்கியவற்றுக்கு உரிய கட்டத்திலும், மறுசுழற்சித் தொட்டிக்கு உரிய கட்டத்திலும் குறி இருத்தல் வேண்டா. இயங்குதளத்தின் புதுப்பதிப்பு அண்மையில் நிறுவப்பட்டிருக்குமாயின், பழைய பதிப்பின் கோப்புகளும் அப்பட்டியலில் காணப்படும். பழைய பதிப்பிற்குத் திரும்பும் வழி அவையே. பொதுவாகப் பத்து நாள் அங்கே இருந்து, தாமே நீங்கும். அதுவரை விட்டுவைத்தலே நன்று. தற்காலிக உறையைத் திறந்து கையால் நீக்குவோர், ஒரு வாரமாகத் தொடப்படாதவற்றை மட்டும் தொட்டிக்கு அனுப்புக. 'இக்கோப்புப் பயன்பாட்டில் உள்ளது' என்று பொறி கூறுமாயின், அதனோடு வாதாடாமல் விட்டுவிடுக. சுவரில் இன்னும் ஈரம் இருக்கின்றது. வாரம் ஒன்று சென்ற பின்னர், தொட்டியில் கிடப்பவற்றுள் தம்முடையது ஒன்றும் இல்லை என்று பாட்டியார் உட்பட வீட்டார் எல்லாரும் கூறினால், அன்று தொட்டியைக் காலி செய்யலாம்.