'சங்கீதம்' என்றால் வாத்தியம் உண்டா, இல்லையா?



ஆரப்பாளையத்தில் எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் ஒரு மாதமாக ஒரே வாக்குவாதம். புதிய ஏற்பாட்டில் 'சங்கீதம்' என்று வருவது கிரேக்கத்தில் 'ப்சல்மோஸ்', அதற்கு வாயால் பாடுவது என்றுதான் பொருள், கீபோர்டு வைப்பது பாவம் என்கிறார் ஒரு பெரியவர். அதன் வேர்ச்சொல்லே நரம்பை மீட்டுவதுதான், வாத்தியம் இல்லாமல் பாடினால்தான் தப்பு என்கிறார் இன்னொருவர். நடுவில், கீபோர்டு வாசித்த பையன் மூன்று வாரமாக வரவில்லை.

நான் இறையியல் படித்தவன் அல்ல. தமிழ் வாத்தியார். அதனால் சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. 'ப்சல்லோ' என்ற கிரேக்க வினைக்கு முதலில் பொருள், விரலால் இழுத்து விடுவது. வில்லின் நாணுக்கும் அதே சொல்தான். பிறகு இசைக்கருவியின் நரம்பை மீட்டுவது, அதனோடு சேர்ந்து பாடுவது, கடைசியில் வெறுமனே பாடுவது என்று பொருள் நகர்ந்தது. நமக்கு இது புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்கிறானே, அதே கதைதான்.

ஆனால் வேரை மட்டும் வைத்துப் பொருள் சொல்ல முடியாது. எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்கிறோம். அதில் எள் எங்கே இருக்கிறது? கிரேக்கமே தாய்மொழியாக இருந்த பழைய திருச்சபைகள் வாத்தியம் இல்லாமல்தான் பாடின. ஆகவே 'ப்சல்லோ' என்பதால் வாத்தியம் கட்டாயம் என்பது நிற்காது.

கூடாது என்பதும் நிற்காது. 150-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். வீணை, தம்புரு, கைத்தாளம் எல்லாம் வரிசையாக வருகின்றன. நம் 'சங்கீதம்' என்ற சொல்லையே பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம் பாட்டு, வாத்தியம், ஆடல் மூன்றும் சேர்ந்ததையே சங்கீதம் என்கிறது. அதற்காக ஜெபக்கூட்டத்தில் ஆடியே ஆகவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் அளவுகோல் எது? கொலோசெயர் 3:16-ல் சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு மூன்றையும் பவுல் சேர்த்தே சொல்கிறார். எதற்காகப் பாட வேண்டும்? ஒருவருக்கொருவர் போதிக்க, புத்தி சொல்ல. அப்படியென்றால் பாட்டின் சொல் பக்கத்தில் இருப்பவர் காதில் விழ வேண்டும். அவரும் வாய் திறந்து பாட முடிய வேண்டும்.

நம் மதுரைக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்களின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-ல் புத்தகமாக்கினார். மேல்நாட்டு மெட்டைவிட நம் ராகத்தில்தான் நம் ஜனங்கள் மனம்விட்டுப் பாடினார்கள். அந்தக் கீர்த்தனைகளை இன்றும் புத்தகம் பார்க்காமல் பாடும் பாட்டிகள் நம் தெருவில் இருக்கிறார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் அவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு வருத்தம். கீபோர்டு இருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

பெரியவர்களே, ஒரு கிரேக்கச் சொல்லுக்காக ஒரு பிள்ளையை இழக்க வேண்டாம்.

தம்பி, நீ இதைப் படித்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. கீபோர்டையும் கொண்டு வா. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வை. கடைசிப் பாயில் உட்கார்ந்திருக்கும் பாட்டி பாடுவது உனக்குக் கேட்டால், அதுதான் சரியான அளவு.