இல்லம் இனிக்க: தோட்டத்தை விட்டாலும் செடியை விட வேண்டாம்!



அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று தலைமுறையாக லயத்து வீட்டில் வாழ்ந்த குடும்பமாம். இன்னும் ஆறு மாதத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார்களாம். மூன்றாவது மாடி. "வாசலில் மாமியார் வைத்த கறிவேப்பிலை இருக்கிறது. துளசி இருக்கிறது, மல்லிகை இருக்கிறது. புது வீட்டில் ஒரு பிடி மண் கூடக் கிடையாது. இவற்றை எப்படி விட்டுவிட்டுப் போவேன்? பூச்சாடி வைத்து வீட்டை அழகுபடுத்துவது துரை பங்களாவுக்குச் சரி, நமக்கு ஒத்து வருமா?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வி இவர் ஒருவருடையது அல்ல. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ! வீட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றிவிடலாம். வாசல் செடிகளை என்ன செய்வது? இந்த மாதம் அதையே பேசுவோம்.

முதலில், பூச்சாடி பங்களாவுக்கு உரியது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நம் பிழைப்பே பெட்டியிலும் சாடியிலும் வந்ததுதான்.

1829-ஆம் ஆண்டு லண்டன் நகரில் நத்தேனியல் வார்ட் என்ற மருத்துவர், ஒரு புழுக்கூடு பூச்சியாக மாறுவதைப் பார்க்க விரும்பினார். அதை ஈர மண்ணோடு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி வைத்தார். சில நாளில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்தன. மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து மறுபடி மண்ணிலேயே இறங்கியது. தண்ணீர் ஊற்றாமலே அவை ஆண்டுக் கணக்கில் பிழைத்திருந்தன! இதைக் கண்டவர் செடிகளுக்கென்றே மூடிய கண்ணாடிப் பெட்டிகளைச் செய்தார். கடல் காற்றிலும் வெயிலிலும் கருகிப் போகும் செடிகள், அந்தப் பெட்டிக்குள் பல மாதக் கப்பல் பயணத்தைத் தாங்கின.

1876-இல் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகள் இங்கிலாந்தின் கியூ பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. முளைத்தவை ஏறக்குறைய 2,700 மட்டுமே. அவற்றில் 1,900-க்கு மேற்பட்ட கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலாகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பாட்டிமார் பால் வெட்டிய மரங்களின் கதை இப்படித் தொடங்கியது.

செம்பனையின் கதையோ நம் வட்டாரத்துக் கதை. 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் ஆப்பிரிக்காவின் செம்பனைக் கன்றுகள் நான்கை நட்டார்கள். அவற்றின் வழிவந்த மரங்கள் சுமத்திராவின் டெலியில் அழகுக்காக வளர்க்கப்பட்டன. ஹென்றி ஃபொகொனியே என்ற பிரெஞ்சுத் துரை அந்த விதைகளைக் கொண்டு வந்து, 1911, 1912 வாக்கில் கோலசிலாங்கூரை அடுத்த ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் சாலையோர அலங்கார மரமாக வைத்தார். அந்த மரங்களின் விதையைக் கொண்டுதான் 1917-இல் தென்னமரம் தோட்டத்தில், நாட்டிலேயே முதன்முறையாக, வருமானத்துக்காகச் செம்பனை நடப்பட்டது. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துப் பழகிய இன்றைய பெஸ்தாரி ஜெயாவில் உள்ள தோட்டம் அது. அழகுக்கு வைத்த மரம் ஒரு நாட்டின் தொழிலானது பாருங்கள்!

இன்னொன்றும் சொல்கிறேன். செம்பனை நர்சரியில் பாலிபேக்கில் மண் நிரப்பியவர்கள் யார்? நம் பெண்கள்தாமே! சிறு பையில் விதை ஊன்றி மூன்று மாதம், பிறகு பெரிய பைக்கு மாற்றி ஒன்பது மாதம், ஆக ஓர் ஆண்டு வளர்த்துக் காட்டுக்கு அனுப்பிய கைகளுக்குப் பூச்சாடிச் செடி ஒரு பெரிய வித்தையா? தோட்டத்துக்குச் செய்ததை வீட்டுக்குச் செய்யப் போகிறோம். அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

ஆறு மாதம் இருக்கிறது என்றால் இன்றே தொடங்குங்கள். கடைசி நாளில் பிடுங்கிய செடி பிழைக்காது. கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிப் பாருங்கள். வேரிலிருந்து கிளம்பிய சிறு கன்றுகள் நிற்கும். முழங்கை உயரக் கன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி ஒரு சாண் தள்ளி, பாதி வட்டம் மட்டும் மண்வெட்டியால் வேரை அறுத்து விடுங்கள். ஒரு மாதம் பொறுத்து மறு பாதியை அறுத்து, மண் உதிராமல் தூக்கிச் சாடியில் வையுங்கள். ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். துளசிக்குக் காய்ந்த கதிரைக் கசக்கி விதை எடுத்துக்கொண்டால் போதும். மல்லிகைக்கு, பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளக் குச்சிகள் ஐந்தாறு வெட்டி ஈர மணலில் ஊன்றுங்கள். இரண்டாவது வேர் பிடித்தாலும் லாபமே. பெரிய முருங்கையைக் கொண்டு போக முடியாது. கட்டைவிரல் கனக் கொம்பு ஒன்றைப் பெரிய வாளியில் ஊன்றி, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் நறுக்கிக்கொண்டே வந்தால் கீரைக்காவது ஆகும்.

சாடிக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். பெயிண்ட் வாளி, பிஸ்கட் டின், எண்ணெய் டின் எல்லாம் உதவும். ரப்பர் மரத்தில் கட்டிய பழைய பால் மங்கு கிடைத்தால் சிறு செடிகளுக்கு அதைவிட அழகான சாடி வேறில்லை. பீங்கான் மங்கில் துளை இல்லாததால், செடியைத் துளையுள்ள சிறு பிளாஸ்டிக் குவளையில் வைத்து மங்கினுள் இறக்குங்கள். வாளிக்கும் டின்னுக்கும் அடியில் நாலைந்து துளை கட்டாயம் வேண்டும். பூச்சாடிச் செடிகள் தாகத்தால் சாவதைவிட வேர் அழுகிச் சாவதே அதிகம்.

நம் கடலோர வட்டாரத்து மண் களிமண். அதை அப்படியே சாடியில் போட்டால் வெயிலில் கல்லாக இறுகும், மழையில் சேறாகும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு மக்கிய எரு என்று கலந்துகொள்ளுங்கள். தேங்காய் நார்த்தூளும் சேர்க்கலாம். நன்றாக மக்கிக் கறுத்துப் போன செம்பனை வெறுங்குலை கிடைத்தால் அருமையான எரு. கடல் மணலை மட்டும் தொடாதீர்கள். அதிலுள்ள உப்பு செடிக்கு ஆகாது.

புது வீட்டுக்குப் போனதும் முதல் இரண்டு நாள் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனியுங்கள். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த பலகணியில் ஆண்டு முழுவதும் வெயில் கிடைக்கும். வடக்குப் பார்த்ததில் ஆண்டின் நடுவிலும், தெற்குப் பார்த்ததில் ஆண்டின் இறுதியிலும்தான் நேர் வெயில் விழும். கறிவேப்பிலை, துளசி, மல்லிகைக்கு நாளுக்கு நான்கைந்து மணி நேர வெயிலாவது வேண்டும். வெயில் இல்லாத கூடத்துக்கு மணி பிளாண்டும் பெரணியும் போதும். கெலாடிச் செடியை எல்லாரும் விரும்புகிறார்கள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது அதற்கு எழுந்த மோகமும் ஏறிய விலையும் நினைவிருக்கும். ஆனால் அதன் இலையைக் குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் வீங்கி எரியும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அடுக்குமாடியில் மூன்று எச்சரிக்கைகள். தாய்மார்களே, இவற்றைக் கருத்தாகப் படியுங்கள்.

ஒன்று, பலகணிக் கைப்பிடிச் சுவரின் மேல் சாடி வைக்கவே கூடாது. 2018-இல் கோலாலம்பூர் பந்தாய் பகுதியில் அடுக்குமாடியின் மேலிருந்து விழுந்த ஒரு நாற்காலி, கீழே நடந்து வந்த பள்ளி மாணவனின் உயிரைப் பறித்தது. விழுவது நாற்காலியோ பூச்சாடியோ, கீழே வருவது ஒரு தாயின் பிள்ளை. எல்லாச் சாடியும் தரையில், சுவரோரமாக இருக்கட்டும். ஒரு பெயிண்ட் வாளி நிறைய ஈரமண் 30 கிலோவைத் தாண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

இரண்டு, பொது நடைபாதையை அடைக்காதீர்கள். தீ விபத்து நேர்ந்தால் எல்லாரும் ஓட வேண்டிய வழி அது.

மூன்று, கொசு. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை, தேங்கிய நீரில் ஏழெட்டு நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். கவனிப்பாரற்ற பால் மங்கில் மழைநீர் தேங்கினால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் நாம் பார்த்ததுதானே! பூச்சாடிக்கு அடியில் வைக்கும் தட்டும் அதே மங்குதான். வாரம் ஒரு நாள் குறித்து வைத்துக்கொண்டு, தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். தட்டை மணலால் நிரப்பிவிடுவது இன்னும் நல்லது. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் வீட்டைச் சோதித்து, கொசுப் புழு இருந்தால் 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அபராதம் கிடக்கட்டும், அலங்காரத்துக்கு வைத்த செடி பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பக் கூடாது அல்லவா?

இத்தனை வேலைக்குப் பின் கொஞ்சம் விளையாட்டும் வேண்டும். தீபாவளி முடிந்தால் வீட்டில் முறுக்குப் போத்தல்கள் காலியாகக் கிடக்குமே, அவற்றில் ஒன்றை எடுங்கள். வார்ட் மருத்துவரின் வித்தையை நாமும் செய்து பார்ப்போம். போத்தலைக் கழுவிக் காய வைத்து, அடியில் இரண்டு விரல் உயரம் சிறு கற்கள், அதன்மேல் ஒரு விரல் உயரம் கரித்துண்டு, அதன்மேல் மூன்று விரல் உயரம் மண் போடுங்கள். செம்பனைத் தண்டில் ஒட்டி வளரும் பெரணியில் மிகச் சிறியதாக ஒன்றும், ஈரச் சுவரிலிருந்து சுரண்டிய பச்சைப் பாசியும் கொண்டு வந்து நடுங்கள். ஐந்தாறு கரண்டித் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். வெளிச்சம் இருக்கட்டும், நேர் வெயில் வேண்டாம், வெந்துவிடும். உட்புறம் எப்போதும் புகை மூட்டம் போலிருந்தால் அரை நாள் திறந்து வைத்து மூடுங்கள். பிறகு வாரக் கணக்கில் அதை மறந்துவிடலாம். உள்ளேயே ஆவி எழும், உள்ளேயே மழை பெய்யும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்!

பழைய தாம்பாளத்திலும் ஒரு குட்டித் தோட்டம் போடலாம். மண் பரப்பி, பாசியைப் புல்லாக ஒட்டி, சிறு செடிகளை மரங்களாக நடுங்கள். ஐஸ்கிரீம் குச்சியால் ஒரு லயத்து வீடு, கூழாங்கல்லால் ஒரு கோயில், மணலால் ஒரு செம்மண் சாலை. இதைப் பாட்டியும் பேரப்பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டும். "பெரட்டுக்களம் எங்கே இருந்தது? குழாயடி எந்தப் பக்கம்?" என்று பிள்ளை கேட்கும். பாட்டி சொல்லிச் சொல்லி வைப்பார். அடுக்குமாடியில் பிறக்கப் போகும் பிள்ளைக்கு நாம் எங்கிருந்து வந்தோம் என்று காட்ட வேறு படம் வேண்டாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர்ப் பெயருக்கு மலாயில் புளி என்று பொருள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உப்புச் சேர்க்காத புளியிலிருந்து நான்கு கொட்டைகளை எடுத்து, ஓரிரவு வெந்நீரில் ஊற வைத்து, ஒரு சாடியில் ஊன்றிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் முளை தெரியும். நுனியைக் கிள்ளிக் கிள்ளி வளர்த்தால் புளி குட்டை மரமாகவே ஆண்டுக் கணக்கில் சாடியில் நிற்கும். காய்க்காவிட்டால் போகிறது. மூன்றாவது மாடிக்கு உங்கள் ஊரும் கூடவே வந்துவிடும் அல்லவா!

உங்கள் மாமியாரின் கறிவேப்பிலைக் கன்று புது வீட்டில் முதல் துளிர் விட்டதும் மறக்காமல் எழுதுங்கள், அம்மா. மற்ற வாசகியரும் தங்கள் வீட்டுப் பூச்சாடி அனுபவங்களை எழுதி அனுப்பலாம்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.